பிள்ளைப்பேற்றுக்குப் பின் சரிந்த வயிறு: எந்த அறுவை யாருக்குப் பொருந்தும்?

கைக்குழந்தை வளர்ந்து இரண்டு வயதாகிவிட்டது. ஜொகூர் பாருவில் ஒரு கல்யாண விருந்து. வாழை இலைக்கு முன்னால் வந்து அமரும் தாயைப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் பெரியம்மா வாஞ்சையோடு கேட்கிறார்: "என்னம்மா, அடுத்தது எத்தனை மாசம்?" தாய் சிரித்துச் சமாளித்து விடுகிறார். ஆனால் வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி அவரை விடுவதில்லை.

இந்தக் கேள்வியைச் சந்திக்காத தாய்மார்கள் நம்மிடையே குறைவு. கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. என்றாலும் அந்த ஒரு கேள்விதான் பல பெண்களை விளம்பரங்களின் பக்கம் தள்ளிவிடுகிறது. கைத்தொலைபேசியைத் திறந்தால் போதும். 'ஒரே நாளில் தட்டை வயிறு', 'தாய்மார்களுக்குச் சலுகை', 'தவணை முறையில் கட்டலாம்' என்று வரிசை கட்டி நிற்கின்றன.

'டம்மி டக்' என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் வயிற்றுச் சீரமைப்பு அறுவையை மருத்துவர்கள் அப்டோமினோபிளாஸ்டி என்பார்கள். அது ஒரே ஓர் அறுவை என்றுதான் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயருக்குள் பல அறுவைகள் அடங்கியிருக்கின்றன. ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. தவறான அறுவையைத் தேர்ந்தெடுத்தால் பணம் போகும், வயிற்றில் தழும்பு மிஞ்சும், சரிந்த வயிறு அப்படியே இருக்கும். சில நேரங்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

எது கெட்டிருக்கிறது?

தையற்காரரிடம் ஒரு ரவிக்கையைக் கொடுத்து "சரி செய்து கொடுங்கள்" என்றால் அவர் உடனே கத்திரியை எடுக்க மாட்டார். பிடித்துத் தைக்க வேண்டுமா, வெட்டிக் குறைக்க வேண்டுமா, அல்லது கொக்கியை மட்டும் மாற்றினால் போதுமா என்று பார்ப்பார். வயிறும் அப்படித்தான். வெளியே பார்த்தால் ஒரே தொந்தி. உள்ளே நான்கைந்து வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும்.

முதலாவது தோல். கர்ப்பத்தில் விரிந்த தோல் சிலருக்குப் பழையபடி சுருங்கிவிடும், சிலருக்குச் சுருங்காமல் தொங்கும். இரண்டாவது, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. விரல்களால் கிள்ளிப் பிடித்தால் கையில் வருவது இதுதான்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். வயிற்றின் நடுவே, மார்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு நீண்ட தசைகள் ஓடுகின்றன. இவ்விரண்டையும் நடுவில் ஒரு நார்ச்சவ்வு இணைக்கிறது. அதற்கு வெண்கோடு என்று பெயர். கருப்பை வளர வளர இந்த வெண்கோடு அகன்று மெலிகிறது, தசைகள் இரண்டும் பிரிந்து விலகுகின்றன. இதனைத் தசைப் பிளவு எனலாம். பிள்ளை பிறந்த பிறகும் பிளவு மூடாவிட்டால், உள்ளிருக்கும் குடலும் மற்ற உறுப்புகளும் அந்த மெலிந்த இடத்தில் முன்னோக்கித் தள்ளும். எடை குறைந்து, முகம் ஒட்டிப்போன பெண்ணுக்கும் வயிறு மட்டும் ஆறு மாதக் கர்ப்பம் போல் தெரிவதற்கு இதுவே காரணம்.

நான்காவது குடலிறக்கம். தொப்புளைச் சுற்றிச் சவ்வில் சிறு ஓட்டை விழுந்து, உள்ளிருப்பது வெளியே பிதுங்கும். ஐந்தாவது, தசைக்கும் உள்ளே, குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பு. இதைக் கிள்ளிப் பிடிக்க முடியாது. இதற்கு எந்த வயிற்றுச் சீரமைப்பு அறுவையும் பரிகாரம் ஆகாது.

"சிசேரியன் செய்ததால்தான் வயிறு தொங்கிவிட்டது" என்று சொல்வோர் அதிகம். இது முழு உண்மையன்று. வழக்கமான சிசேரியனில் அந்த நீண்ட தசைகளை வெட்டுவதில்லை, நடுவில் விலக்கித்தான் உள்ளே போகிறார்கள். தசைப் பிளவு கர்ப்பத்தால் வருவது. சுகப்பிரசவம் ஆன தாய்க்கும் வரும். சிசேரியன் செய்வது வேறொன்று. தழும்பு ஆறும்போது அடித்திசுவோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இழுக்கும். அதற்கு மேலிருக்கும் தோலும் கொழுப்பும் ஒரு படி போல மடிந்து நிற்கும்.

தசைப் பிளவு இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, தலையை மட்டும் சற்றுத் தூக்க வேண்டும். அந்த நிலையில் தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களைக் குறுக்காக வைத்து அழுத்திப் பார்த்தால், இரண்டு தசைகளுக்கும் நடுவே ஒரு பள்ளம் தட்டுப்படும். இரண்டு விரலுக்கு மேல் அதில் அமிழ்ந்தால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. துல்லியமாக அளக்க ஸ்கேன் வேண்டும்.

ஆறாவது வாரத்தில் முடிவெடுக்கலாமா?

கூடாது. இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நார்வே நாட்டில் முதல் பிள்ளை பெற்ற 300 பெண்களைக் கர்ப்ப காலத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. பிரசவமாகி ஆறு வாரத்தில் அவர்களில் 60 விழுக்காட்டினருக்குத் தசைப் பிளவு இருந்தது. ஆறு மாதத்தில் அது 45 விழுக்காடாகவும், ஓராண்டில் 33 விழுக்காட்டிற்கும் குறைந்திருந்தது. அதாவது, கத்தி படாமலே காலம் பலருக்குப் பாதி வைத்தியத்தைச் செய்து முடித்துவிடுகிறது.

நம் வீடுகளில் பிரசவத்திற்குப் பின் வயிற்றைத் துணியால் கட்டும் பழக்கம் உண்டு. பாட்டியின் பழைய சேலை அதற்கென்றே பெட்டியில் இருக்கும். மலாய்ச் சகோதரிகள் 'பெங்குங்' கட்டுகிறார்கள். பாசார் மாலாமில் இறுக்குப் பட்டைகளும் விற்கின்றன. இவை இடுப்புக்கு ஆதரவாக இருக்கும், நடக்க எளிதாக இருக்கும், தாய்க்கு ஒரு தெம்பும் வரும். ஆனால் கட்டிய துணி பிரிந்த தசையை ஒட்டவைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். மூச்சு முட்ட இறுக்கினால், அழுத்தம் கீழ்நோக்கிப் போய், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்படித் தசைகளைத்தான் வருத்தும். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரையோ வீட்டுக்கு வரும் மிசியையோ கேட்டுவிட்டுக் கட்டுவது நலம்.

தசைகளைத் திரும்பப் பழக்குவதற்குப் பிசியோதெரபி இருக்கிறது. கிளினிக் கெசிஹாத்தானில் மருத்துவரிடம் கேட்டு, அரசாங்க மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். இது சொற்பக் கட்டணத்தில் முடியும் காரியம். எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது! எடுத்த எடுப்பில் தரையில் படுத்து எழும் வயிற்றுப் பயிற்சிகளைச் செய்வது பிளவை இன்னும் பிதுங்க வைக்கலாம் என்பதால், பயிற்சியைக் கற்றவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நம் நாட்டில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. இந்த விடுப்பிலேயே வயிற்று அறுவையையும் முடித்துக்கொண்டால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். இன்னும் சிலர், சிசேரியன் செய்யும்போதே அதிகப்படித் தோலையும் வெட்டிவிடச் சொல்லி மருத்துவரிடம் கேட்கிறார்கள். இரண்டும் தவறான நேரம். பிரசவத்தின்போது கருப்பை இன்னும் பெரிதாக இருக்கிறது, தோல் நீர் கோத்திருக்கிறது, எவ்வளவு தோல் உண்மையில் மிச்சம் என்றே தெரியாது. இரத்தம் உறையும் ஆபத்தும் அந்தக் காலத்தில்தான் அதிகம். இரத்தச் சோகை வேறு. குறைந்தது ஆறு மாதம் முதல் ஓராண்டு கழிய வேண்டும். தாய்ப்பாலை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். உடல் எடையும் ஏறாமல் இறங்காமல் ஒரு நிலைக்கு வந்திருக்க வேண்டும்.

யாருக்கு எது?

ஸ்கூடாயில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு 29 வயது, ஒரே பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். தோல் இறுக்கமாகவே இருக்கிறது. தசைப் பிளவு இல்லை. தொப்புளுக்குக் கீழே ஒரு கொழுப்புத் திரட்சி மட்டும் உடற்பயிற்சிக்கும் கரையாமல் நிற்கிறது. இவருக்கு வயிற்றைக் கிழிக்கும் அறுவையே தேவையில்லை. கொழுப்பை உறிஞ்சும் லிப்போசக்‌ஷன் போதும். 1970-களின் பிற்பகுதியில் பிரான்சின் மருத்துவர் இலூஸ் வளர்த்தெடுத்த முறை இது. சிறு துளைகள் வழியே குழாயைச் செலுத்திக் கொழுப்பை எடுத்துவிடுவார்கள்.

இதே சிகிச்சையைத் தோல் தளர்ந்த தாய்க்குச் செய்தால் என்ன ஆகும்? உள்ளே இருந்த பஞ்சை எடுத்துவிட்ட தலையணை உறை மாதிரி தோல் இன்னும் தொங்கும். தசைப் பிளவு உள்ளவருக்குச் செய்தாலோ, கொழுப்பு போன பிறகும் வயிறு துருத்திக்கொண்டே இருக்கும். வெளியே தெரியாத குடலிறக்கம் இருந்து, அதைக் கவனிக்காமல் குழாயைச் செலுத்தினால் குடலிலேயே குத்திவிடும் அபாயம் உண்டு. விலை குறைவு, தழும்பு சிறியது என்பதற்காக லிப்போசக்‌ஷனைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது சிறிய வயிற்றுச் சீரமைப்பு. 'மினி' என்று விளம்பரங்களில் வருவது இதுதான். சிசேரியன் தழும்பின் நீளமோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ வெட்டி, தொப்புளுக்குக் கீழுள்ள தோலை மட்டும் குறைப்பார்கள். தொப்புள் இருந்த இடத்திலேயே இருக்கும். சிசேரியன் தழும்புக்கு மேல் மடிந்து நிற்கும் சதைக்கு இது நன்றாகவே பொருந்தும். பழைய தழும்பையும் சேர்த்தே எடுத்துவிடலாம். ஆனால் தொப்புளுக்கு மேலே தோல் தளர்ந்திருந்தால் இது உதவாது. தசைப் பிளவு பெரும்பாலும் தொப்புளைச் சுற்றியும் அதற்கு மேலுமே அகலமாக இருக்கும் என்பதால், கீழே மட்டும் தைக்கும் 'மினி' அறுவை அதை முழுமையாகச் சரி செய்யாது. கீழ்வயிறு தட்டையாகி மேல்வயிறு மட்டும் பந்து போல் நிற்கும் விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது. பிறகு இரண்டாவது முறை பணம் கட்டி முழு அறுவைக்கே போக வேண்டியிருக்கும்.

இனி, மாசாயில் குடியிருந்து பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். வயது 36, மூன்று பிள்ளைகள். தோல் தொப்புளுக்கு மேலும் கீழும் தளர்ந்திருக்கிறது. தசைப் பிளவு நான்கு விரல் அகலம். நின்று வேலை செய்தால் முதுகு வலி, தும்மினால் சிறுநீர் கசிவு. ஓராண்டு பிசியோதெரபி செய்தும் முழுக் குணம் இல்லை. இவருக்குப் பொருத்தமானது முழு வயிற்றுச் சீரமைப்பு.

இதில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை அடிவயிற்றில் வெட்டுவார்கள். தோலை விலா எலும்பு வரை மேலே தூக்கி, விலகிய தசைகளை நடுவில் ஒன்றாக இழுத்துத் தைப்பார்கள். பிறகு தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி எறிந்து, தொப்புளுக்குப் புதிய துளை போடுவார்கள். முழு மயக்கத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும் பெரிய அறுவை இது. 1899-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவர்ட் கெல்லி என்ற மகளிர் மருத்துவர் தொங்கும் வயிற்றை வெட்டிக் குறைத்த காலத்தில், தொப்புளைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. தழும்பை உள்ளாடைக்குள் மறையும்படி தாழ்வாக இறக்கிய பெருமை பிரேசிலின் ஈவோ பிட்டாங்கிக்கு உண்டு. 300 பேருக்குத் தாம் செய்த அறுவைகளை 1967-இல் அவர் வெளியிட்டார்.

தழும்பு எங்கே வரும் என்பதை நம் பெண்கள் கட்டாயம் பேசிவிட வேண்டும். பாவாடை நாடா கட்டும் இடம், சேலைக் கொசுவம் செருகும் இடம் எது என்று அறுவைக்கு முன் நின்ற நிலையில் பேனாவால் குறித்துக் காட்டலாம். நாடா தினமும் உரசும் இடத்தில் தழும்பு அமைந்தால் பெரும் தொல்லை. மேலும், நம்மவர் தோலில் தழும்பு தடித்துக் கறுத்துப்போகும் இயல்பு பலருக்கு உண்டு. புஜத்தில் பிசிஜி ஊசி போட்ட இடமோ, காது குத்திய இடமோ, சிசேரியன் தழும்போ தடித்து மேடாகியிருந்தால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தொப்புளுக்குக் கீழுள்ள கர்ப்பக் கோடுகள் வெட்டிய தோலோடு போய்விடும். மேலே உள்ளவை போகாது, கீழே இறங்கி வரும், அவ்வளவுதான்.

மாசாய்த் தாய் செய்துகொள்வது அழகுக்கான அறுவையா, மருத்துவத் தேவையா? இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலிய அரசாங்கம் ஒரு விடை கண்டிருக்கிறது. 2016 ஜனவரியில் பிரசவத்திற்குப் பிந்திய வயிற்று அறுவைக்கான அரசாங்க உதவியை நிறுத்திய அந்நாடு, 2022 ஜூலையில் நிபந்தனைகளோடு மீண்டும் கொண்டுவந்தது. பிளவு ஸ்கேனில் குறைந்தது 3 செண்டிமீட்டர் இருக்க வேண்டும். முதுகுவலியோ சிறுநீர்த் தொல்லையோ வயிற்றுச் சுவரில் வலியோ இருக்க வேண்டும். பிசியோதெரபி போன்ற வைத்தியம் செய்தும் குணமாகாமல் இருக்க வேண்டும். கடந்த 12 மாதங்களில் கர்ப்பமாகியிருக்கக் கூடாது. இதற்கு முன்னர், அந்நாட்டில் 214 பெண்களைக் கவனித்து 2018-இல் வெளியான ஆய்வு, அறுவைக்குப் பின் அவர்களின் முதுகுவலியும் சிறுநீர்க் கசிவும் குறைந்ததாகக் காட்டியது. நம் நாட்டில் அப்படியொரு உதவித் திட்டம் இல்லை. காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாக இதை அழகுச் சிகிச்சை என்றே தள்ளிவிடும். தனியார் மருத்துவமனையில் செலவு பத்தாயிரம் ரிங்கிட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆனாலும் அந்த நான்கு நிபந்தனைகளும் ஒரு நல்ல அளவுகோல். கடன் வாங்கி அறுவை செய்துகொள்ள நினைக்கும் எந்தத் தாயும் தம்மை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குடலிறக்கம் மட்டும் இருந்தால் அது வேறு கதை. அது நோய், ஜொகூர் பாரு சுல்தானா அமினா போன்ற அரசாங்க மருத்துவமனையிலேயே அதற்குச் சிகிச்சை கிடைக்கும்.

நிறைய எடை குறைத்தவர்களுக்கு இன்னொரு வகை இருக்கிறது. 30, 40 கிலோ இறங்கியபின் இடுப்பைச் சுற்றிலும் தோல் பாவாடை போல் தொங்கும். அவர்களுக்கு வெட்டு முதுகுப்பக்கம் வரை நீளும். சிலருக்கு வயிற்றின் நடுவே செங்குத்தாக இன்னொரு வெட்டும் சேரும். பிள்ளைப்பேற்றால் மட்டும் சரிந்த வயிற்றுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

கத்தி எட்டாத கொழுப்பு

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் இந்தியர்களிடையேதான் அதிகம், பெரியவர்களில் 68.3 விழுக்காட்டினர். நீரிழிவிலும் நாமே முன்னணியில் நிற்கிறோம். பெருமைப்பட்டுக்கொள்ள முடியாத முதலிடம்! கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போன தாய்மார்களுக்கு, பின்னாளில் அது நிரந்தரமாகவே வந்துவிடும் ஆபத்து அதிகம்.

இப்படிப்பட்டவர்களில் பலருக்கு வயிறு பெருத்திருப்பது ஐந்தாவதாகச் சொன்ன உட்கொழுப்பால். மல்லாந்து படுத்தாலும் வயிறு தட்டையாகாமல் உருண்டே நின்றால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். வயிற்றை வெட்டிக் குறைத்தால் சர்க்கரையும் குறையும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 15 பருமனான பெண்களுக்கு லிப்போசக்‌ஷன் மூலம் ஏறக்குறைய பத்துப் பத்துக் கிலோ கொழுப்பை எடுத்துவிட்டுச் சோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் திறனில் எந்த முன்னேற்றமும் இல்லை என்று 2004-இல் முடிவு வெளியானது. தோலடிக் கொழுப்பு போனது, நோய்க்கு வேரான கொழுப்பு போகவில்லை. நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அளவு. அதற்கு வழி சோற்றுத் தட்டிலும் நடையிலும்தான் இருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குப் புண் ஆறாது என்பதால், நேர்மையான அறுவை நிபுணர் முதலில் அதைச் சரி செய்துகொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார்.

அடுத்த பிள்ளை பற்றிய பேச்சையும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். அறுவைக்குப் பின் கர்ப்பமானால் பொதுவாகக் குழந்தைக்குத் தீங்கில்லை. தைத்த தசை மீண்டும் விலகும், தோல் மீண்டும் விரியும், கட்டிய பணம் வீண். "ஓர் ஆண் பிள்ளை இல்லையே" என்று மாமியார் வீட்டில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருந்தால், கணவனும் மனைவியும் அதற்கு ஒரு முடிவு கட்டிய பிறகுதான் மருத்துவரிடம் போக வேண்டும்.

கத்தியைப் பிடிப்பவர் யார்?

வகையைத் தேர்ந்தெடுப்பதில் பாதிக் காரியம், அதைச் சொல்பவரைத் தேர்ந்தெடுப்பது. லிப்போசக்‌ஷன் மட்டும் தெரிந்தவரிடம் போனால் எல்லா வயிற்றுக்கும் லிப்போசக்‌ஷன்தான் மருந்தாக இருக்கும்.

2009 டிசம்பரில், ஜொகூர் பாலத்துக்கு அந்தப்பக்கம் சிங்கப்பூரில், 44 வயது நிறுவனத் தலைவர் ஒருவர் ஒரு கிளினிக்கில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்டபோது உயிரிழந்தார். மயக்க மருந்தின் விளைவாக மூச்சுப்பாதை அடைபட்டதே காரணம் என்று மரண விசாரணையில் தெரியவந்தது. 2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸ் வட்டாரத்தில், 23 வயது இளம்பெண் ஒருவர் ஓர் அழகு நிலையத்தில் இதே சிகிச்சைக்குச் சென்று உயிரோடு திரும்பவில்லை. இரண்டு சம்பவங்களிலும் போனவர்கள் 'சின்ன விஷயம்' என்று நினைத்துத்தான் போயிருப்பார்கள்.

1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டப்படி, பதிவு பெறாத இடத்தில் மருத்துவச் சிகிச்சை நடத்தும் தனிநபருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 6 ஆண்டு வரை சிறையும் விதிக்க முடியும். அழகு நிலையத்தில் வயிற்று அறுவைக்கு இடமே இல்லை. அழகுச் சிகிச்சைக்கான எல்.சி.பி. சான்றிதழை வைத்திருக்கும் பொது மருத்துவர்களும் உண்டு. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அது ஊசி, லேசர் போன்ற சிகிச்சைகளுக்கானது. வயிற்றைக் கிழிக்கும் அறுவைக்கு உரிமம் ஆகாது. வேண்டியவர் பிளாஸ்டிக் அறுவை நிபுணர். அவர் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா, எந்தத் துறையில் இருக்கிறது என்பதை இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. பெயரைத் தேடிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டியதில்லை, மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்க்கிறோமே!

மயக்கம் கொடுப்பவர் தனி மயக்க மருந்து நிபுணரா, அறுவை நடக்கும் இடம் உரிமம் பெற்ற மருத்துவமனையா, இரவு தங்கினால் பார்க்க ஆள் இருக்குமா என்றும் கேட்க வேண்டும். 'மம்மி மேக்ஓவர்' என்று வயிறு, மார்பு, இடுப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தரும் கட்டுகளில் கவனம் தேவை. அமெரிக்காவில் 25,478 வயிற்றுச் சீரமைப்பு அறுவைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான கணக்கின்படி, நூற்றுக்கு நான்கு பேருக்குப் பெரிய சிக்கல் நேர்ந்தது. மற்ற அழகு அறுவைகளில் அது 1.4 மட்டுமே. வேறு அறுவைகளையும் சேர்த்துச் செய்யச் செய்ய விகிதம் ஏறிக்கொண்டே போனது. மலிவு என்று பேங்காக் போய்ச் செய்துகொண்டு ஒரு வாரத்தில் விமானம் ஏறித் திரும்புவோர், கால் நரம்பில் இரத்தம் உறையும் ஆபத்தையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். ஊருக்கு வந்தபின் காயம் பிரிந்தால் எந்த மருத்துவரைப் போய்ப் பார்ப்பது என்ற கேள்வியும் இருக்கிறது.

புகைப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் இரத்த ஓட்டத்தைச் சுருக்கித் தோலைக் கருக்கிவிடும். வேப்பும் இதில் அடக்கம். ஜொகூரில் 2016 முதல் வேப் விற்பனைக்குத் தடை உண்டு என்றாலும், கையில் அது புழங்காத வீடுகள் எத்தனை என்று சொல்வதற்கில்லை.

வீட்டில் யார் தூக்குவது?

முழு அறுவை செய்துகொண்ட தாய் ஒரு வாரத்திற்கு மேல் குனிந்துதான் நடப்பார். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். வயிற்றோரம் நீர் வடிய ஒன்றிரண்டு குழாய்கள் இருக்கலாம். இறுக்குப் பட்டையை வாரக் கணக்கில் அணிய வேண்டும். அடிவயிறு மரத்துப்போய்ப் பல மாதம் உணர்ச்சி இருக்காது. சூட்டு ஒத்தடம் கொடுத்துச் சுட்டுக்கொள்ளக் கூடாது. அலுவலக வேலைக்கு இரண்டு, மூன்று வாரத்தில் திரும்பலாம். பாரம் தூக்க ஆறு வாரமாவது ஆகும். இரண்டு வயதுப் பிள்ளையும் பாரம்தான். அது ஓடி வந்து "அம்மா தூக்கு" என்று கையை நீட்டும்போது யார் தூக்குவது? கணவரா, அம்மாவா, பக்கத்து வீட்டு அக்காவா? இதை முடிவு செய்துவிட்டுத்தான் அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும். தினமும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி ஊட்லண்ட்ஸ் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள், எப்போது வண்டியை எடுக்கலாம் என்று மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். 'சாதாரண வேலைக்குத் திரும்பலாம்' என்று அவர் சொல்வதில் நெரிசலில் நின்று நகரும் அந்தப் பயணம் சேர்ந்திருக்காது.

படுத்தே கிடக்கவும் கூடாது. முதல் நாளிலிருந்தே கைத்தாங்கலாக எழுந்து மெல்ல நடந்தால்தான் காலில் இரத்தம் உறையாது. வயிற்றுத் தோலுக்கு அடியில் நீர் கோத்துக் கொழகொழவென்று ஆடினால் மருத்துவர் ஊசியால் எடுத்துவிடுவார்; இது அடிக்கடி வருவதுதான், பயப்பட வேண்டாம். காயம் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே போய்க் காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச் சதை வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மார்பு வலித்தாலோ, மறுநாள் சந்திப்பு இருக்கிறதே என்று காத்திருக்காமல், நேரம் எதுவானாலும் 999-க்கு அழைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், எந்த நாளில் என்ன அறுவை செய்துகொண்டார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.